இலைமீனின் இரை

இலைமீனுக்குச் செத்த இரை ஆகாது, ஐயா. அதனால்தான் அதை வளர்ப்பவர்கள் குறைவு. என் வீட்டு முன்னறை முழுக்க வண்ணமீன் தொட்டிகள். வாங்க வருகிறவர்கள் அந்த ஒரு தொட்டியை மட்டும் பார்த்து, "என்னங்க, அழுகின இலையை எடுத்துப் போடக்கூடாதா?" என்பார்கள். தலை கவிழ்ந்து மிதக்கும். தாடையில் இலைக்காம்பு மாதிரி ஒரு நீட்சி. எதையும் துரத்தாது. குஞ்சுமீன் தானாகவே பக்கத்தில் வரும், அப்புறம் இருக்காது.

என்னையும் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்றுதான் தெருவில் சொல்வார்கள். பெற்றவர்கள் போனபின் தங்கையை நான்தான் தலையில் வைத்துத் தாங்கினேன். தொட்டி குளிர்ந்துவிடக் கூடாதென்று ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருப்பேன். "கொஞ்ச நேரம் திறக்கட்டுமாண்ணா?" என்று முன்பெல்லாம் கேட்பாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். பெண் கேட்டு வந்த யாரையும் நான் போகச் சொன்னதில்லை. உட்காரவைத்துப் பேசாமல் இருப்பேன். அவர்களாகவே எழுந்து போய்விடுவார்கள்.

எலக்ட்ரீஷியன் மட்டும் போகவில்லை. தொட்டி ஹீட்டரைப் பழுது பார்க்க வந்தவன், பழுதே இல்லாத நாட்களிலும் வந்தான். நல்லவன்தான், குறை சொல்ல மாட்டேன். அவன் வந்தால் தங்கை சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. எப்போதும் அண்ணே என்று கூப்பிடுபவன், இன்று ஷாக் அடித்த ஹீட்டரைப் பார்க்க இலைமீன் தொட்டிக்கு மேல் குனிந்துகொண்டே, "மச்சான், மெயினை அணைச்சிட்டீங்களா?" என்றான்.

இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள் என்று அந்த ஒரு வார்த்தையில் புரிந்தது. சுவிட்ச் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் அசையவில்லை. அவனாகத்தான் தண்ணீருக்குள் கையை விட்டான், விழுந்தவன் அப்புறம் எழுந்திருக்கவில்லை.

இல்லை, உள்ளதையே எழுதிக்கொள்ளுங்கள். தலையை ஆட்டினேன். அணைத்துவிட்டேன் என்று ஆட்டினேன். அணைக்கவில்லை. தேநீரோடு வந்த தங்கை வாசற்படியில் நின்று அதைப் பார்த்துவிட்டாள்.

"நீ அணைக்கவே இல்லியேண்ணா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். இப்படி அழுதால் உடம்புக்கு ஆகாதே என்று மாடி அறையில் விட்டுப் பூட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் முந்திக்கொள்ளாமல் இருந்திருந்தால் ஸ்டேஷனுக்கு நானே போன் செய்து உங்களைக் கூப்பிட்டிருப்பேன்.

சாவி இதோ. உங்கள் ஆட்களை மெதுவாகத் திறக்கச் சொல்லுங்கள். திறந்ததும் ஓடப் பார்ப்பாள். விட்டுவிடாதீர்கள், ஐயா. என்னை விட்டால் அவளுக்கு வேறு யாரும் இல்லை.