போதும் என்று சொல்லாத ஈரல்

பல்லடத்திலிருந்து திருப்பூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். "உங்க தம்பி ரத்தத்துல இரும்பு அதிகமாயிருச்சுங்க நங்கையா" என்று இளையவள் சொன்னதும் நான் பேப்பரை மடித்துவிட்டேன். மூத்தவள் அவள் கணவனின் அக்கா.

"எல்லாருக்கும் இரும்புச்சத்து பத்தாதுன்னு மாத்திரை குடுக்கறாங்க. இவனுக்கு மட்டும் அதிகமா? ஈரலும் வீங்கியிருக்குதுன்னு சொல்றயே, அது குடிதான் அம்முணி. உனக்குத் தெரியாமக் குடிக்கறான்."

"நானும் அப்படித்தானுங்க நெனச்சேன். சட்டையக்கூட மோந்து பார்த்தேன், ஒண்ணுமில்லீங்க. இரும்பு போதும், இனி எடுக்காதேன்னு குடலுக்குத் தகவல் சொல்ல ஈரல்ல ஒரு புரதம் சுரக்குமாமுங்க. இவருக்கு அது சரியாச் சுரக்கறதில்லையாம். திங்கற சோத்துல இருக்கற இரும்பெல்லாம் ஈரல்லயே சேந்துருச்சாம்."

"இதுக்கு என்ன வைத்தியம்?"

"அப்பப்ப ரத்தத்தை எடுத்துருவாங்களாம்."

"எடுத்து என்ன பண்றாங்க? வித்துக்கறாங்களா?"

"கேட்டேனுங்க. கொட்டிருவோம்னு சொன்னாங்க. எனக்கும் முழுசா நம்பிக்கை வரலீங்க."

பஸ் வீரபாண்டிப் பிரிவைத் தாண்டியது. இளையவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"கூடப் பொறந்தவங்களுக்கும் இருக்கலாமாம். உங்களையும் ரத்தம் டெஸ்ட் பண்ணக் கூட்டிட்டு வரச் சொன்னாருங்க டாக்டர்."

"எனக்கெதுக்கு? நான் என்ன குடிக்கறேனா?"

"அவரும் குடிச்சதில்லீங்களே."

மூத்தவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு வந்தது. இறங்கும்போதுதான் மெதுவாகக் கேட்டாள்: "காலைல சாப்பிடாம வரோணுமா?"