இன்னும் காயாத தரை

நாற்காலியைக் கொஞ்சம் இப்படி இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி, அங்கே வெயில் கண்ணில் அடிக்கும். போனை மேசை மேலேயே வையுங்கள், பதிவாகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். துணிக்கடைக்காரர்களுக்காக ஒன்றரை வருடம் எதிர்வீட்டு மாடியில் கேமராவும் கையுமாகக் காத்துக் கிடந்தவர் நீங்கள். உங்களை வெறுங்கையோடு அனுப்பினால் எனக்குத்தான் பாவம்.

நான் முப்பத்தெட்டு வருடம் டைல்ஸ் பதித்தவன். தற்பெருமை எனக்குப் பிடிக்காது, நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பங்களாவில் நான் பதித்த தரையில் அந்த வீட்டுப் பூனை தன் உருவத்தைப் பார்த்து மூன்று நாள் சண்டை போட்டது. நான்காம் நாள் சமாதானமாகி, தன் தட்டுப் பாலில் பாதியை அதற்கென்று மிச்சம் வைத்துவிட்டுப் போனது. அவ்வளவு பளபளப்பு. ஆனால் அந்தப் பளபளப்பு பார்ப்பதற்குத்தான், நடப்பதற்கில்லை. ஆள் நடமாடும் வாசலில் அதைப் போடக்கூடாது என்று அந்தத் துணிக்கடைக்காரர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

என் மனைவி விழுந்தது அந்த வாசலில்தான். அப்போதுதான் சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்திருக்கிறார்கள். எச்சரிக்கைப் பலகை இல்லாமல் இல்லை, கதவு மூடிக்கொள்ளாமலிருக்க அதை முட்டுக் கொடுத்திருந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்துபோனது. இதுவரைக்கும் நீங்களும் மறுக்க மாட்டீர்கள்.

வழக்குப் போட்டோம். இனி ஆயுசுக்கும் அவள் தானாக நடக்க மாட்டாள் என்று எங்கள் வக்கீல் எழுதினார், நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். டாக்டரும் அப்போது அப்படித்தான் நினைத்தார். முதல் நாளே உங்கள் தரப்பு வக்கீல் எழுந்து, "யானைக்கும் அடி சறுக்கும். இந்த அம்மா பராக்குப் பாத்துக்கிட்டே வந்து விழுந்துட்டாங்க. அதுக்குத் தரை என்ன பண்ணும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சக்கர நாற்காலியில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு தரையைப் பற்றி, என்னை வைத்துக்கொண்டே, பொய் சொல்லிவிட்டார்கள் தம்பி. அந்தத் தரைதான் குற்றவாளி என்று ஒரு நீதிபதி வாயால் கேட்காமல் கண்ணை மூடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

ஏழாம் மாதம் அவள் நடந்தாள். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வாசற்படியில் நின்றுகொண்டு, "ஏங்க, பாத்தீங்களா? எதையும் பிடிக்காமலே வந்துட்டேன்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. நான் முதலில் செய்தது ஜன்னலைச் சாத்தியது.

வக்கீலிடம் போய்க் கேட்டேன். "நல்ல சேதிதான் பெரியவரே. ஆனா இப்ப வெளிய வந்தா, விழுந்ததே நடிப்புன்னு திருப்பிடுவாங்க. தீர்ப்பு வர்ற வரைக்கும் அம்மா நடக்கிறத யாரும் பாக்காம இருந்தாப் போதும்" என்றார். புலிவாலைப் பிடித்தவன் கதைதான். பிடித்துக்கொண்டிருப்பது கஷ்டம், விடுவது அதைவிடக் கஷ்டம்.

அவளும் முதலில் ஒப்புக்கொண்டாள். "நாப்பது வருஷமா உக்கார நேரமில்லாம ஓடினேன். ஒரு எடத்துல உக்காருன்னு நீங்க சொல்றதுக்கு ஒரு கேஸ் வர வேண்டியிருக்கு பாருங்க" என்று கேலி செய்தாள். பிறகு அவள் நடந்தால் படம் பிடிக்க எதிர்மாடிக்கு நீங்கள் வந்தீர்கள். திரை போட்டேன், பின்கதவைப் பூட்டினேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தால் அவள் தூங்குகிறாள் என்றேன். கட்டிலிலிருந்து சமையலறைக்கு நடைவழியில் பதினோரு எட்டு. அவ்வளவுதான் அவளுடைய ஊர். போவாள், திரும்புவாள், மறுபடி போவாள். ஜன்னலையாவது திறந்து வையுங்கள் என்பாள். நானும்தானே உள்ளேயே கிடக்கிறேன் என்பேன். அது உண்மைதான். சாவி என்னிடம் இருந்தது என்பதைத் தவிர எங்கள் இருவருக்கும் வித்தியாசம் கிடையாது.

அந்தச் சமயத்தில் வெளியூரிலிருக்கும் எங்கள் பெண்ணுக்கு மாதம் நெருங்கிவிட்டது.

"தலைப்பிரசவங்க. நான் போகாம வேற யாரு போவா?"

"தீர்ப்பு வரட்டும்."

"புள்ள தீர்ப்பக் கேட்டுக்கிட்டா பொறக்கும்?"

நான் எழுந்து போய்ப் பின்கதவுப் பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

"அடுத்த வாரம் நான் கெளம்புறேன். கேமராக்காரத் தம்பி நல்லாப் படம் எடுத்துக்கட்டும். நானும் நல்லாத் தலை வாரிக்கிட்டு நிக்கிறேன்."

உங்களைத்தான் சொன்னாள். உங்கள் மேல் அவளுக்குக் கோபமே கிடையாது.

அந்த வாரம் நடைவழித் தரையை மாற்றினேன். பழைய சிமெண்ட் வெடித்துப் போயிருந்தது, ரொம்ப நாளாகவே நினைத்திருந்த வேலைதான். அதே டைல்ஸா என்று கேட்கிறீர்கள். அதேதான். வழக்குக்காக அந்தக் கடை டைல்ஸின் நம்பரைக் குறித்து வைத்திருந்தேன், வேறு நம்பர் எதுவும் ஞாபகத்தில் வரவில்லை. இரண்டு நாளில் முடித்தேன். கட்டிலில் உட்கார்ந்தபடியே, "கண்ணாடியாட்டம் இருக்குங்க. இத்தனை வருஷத்துல நம்ம வீட்டுக்குன்னு இப்பத்தான் கை வந்துச்சா?" என்றாள். கடைத் தரையில் இருந்த சின்னச்சின்னக் குறைகூட இதில் இல்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், குமிழி நடுவில் நின்றது.

ஊருக்குக் கிளம்பிய காலை, பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள் ஆறாவது எட்டில் விழுந்தாள். இந்தத் தடவை மறுபக்கத்து இடுப்பு. அன்றைக்கு உங்கள் கேமராவுக்குக் கிடைத்தது ஸ்ட்ரெச்சர்தான். அந்தப் படத்தை எங்கள் வக்கீல் மனுப் போட்டுக் கேட்டு வாங்கிக் கோர்ட்டில் காட்டினார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று என் முதுகில் தட்டினார். முதல் விபத்தில் பலவீனமான கால்தான் காலை வாரிவிட்டது என்று டாக்டர் எழுதினார். தரைதான் குற்றவாளி என்று நீதிபதி வாசித்தார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அவளுக்காகத்தான் இத்தனையும். பேரன் பிறந்ததைப் போனில் பார்த்துக்கொண்டாள்.

அத்தோடு முடிந்திருக்கும். நீங்கள் அப்பீல் போய்விட்டீர்கள்.

எலும்பு கூடிவிட்டது, பயத்தை விட்டு எழுந்து நடக்கச் சொல்லுங்கள் என்று போன மாதம் டாக்டர் சொன்னார். அப்பீலுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. இந்தப் பதிவை யாரிடம் வேண்டுமானாலும் போட்டுக் காட்டுங்கள் தம்பி. எனக்கும் வயதாகிறது, குனிந்து நிமிர முடியவில்லை. யாராவது ஒருவர் இதை முடித்து வைத்தால் தேவலை.

தினமும் காலையில் எழுந்து உட்காருவாள். காலைக் கட்டிலிலிருந்து தொங்கப் போட்டுக்கொண்டு, "ஏங்க, தரை காஞ்சிடுச்சா?" என்று கேட்பாள்.

"இல்ல, இன்னும் ஈரம்தான்."

சரி என்று காலை மறுபடி மேலே எடுத்துக்கொள்வாள்.

நான் என்னவோ அவளை ஏமாற்றுவதுபோல் பார்க்கிறீர்கள். கட்டினவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வராது. அதனால்தான், அவள் ஊருக்குக் கிளம்பிய அந்தக் காலையிலிருந்து ஒரு நாள் தவறாமல், அவள் கண் விழிக்குமுன் எழுந்து தரையை நனைத்துவிடுகிறேன்.