எப்பக் கேட்டாலும் நாலு

டார்லீன்: ராய்ஸு, நம்பர் சொல்லு.

ராய்ஸ்: நாலு.

டார்லீன்: ஒண்ணுன்னா பல்லு தந்தியடிக்கணும், ஏழுன்னா உள்ள வேகணும். அரை மணி நேரமா விண்வெளி உடுப்போட நடக்குற, எப்பக் கேட்டாலும் நடுவுல நாலுதானா?

ராய்ஸ்: சுகமா இருக்கு அம்மணி. அதுக்கு நான் என்ன பண்ண?

டார்லீன்: போன ரெண்டு சோதனையிலயும் இதேதான் சொன்ன. கடைசியில வேர்த்துச் சுருண்ட உன்னை, உடுப்பு மாட்டிவிடுற ஹெக்டர்தான் இழுத்து வெளிய போட்டான்.

ஹெக்டர்: உள்ளாடையைப் பிழிஞ்சவனும் நான்தான். பக்கெட் பத்தல.

ராய்ஸ்: அதை ஹூஸ்டன் பூரா சொல்லியாச்சாமே?

டார்லீன்: நான் ஒருத்திகிட்ட மட்டும்தான் சொன்னேன். அவ வாய்க்கு நானா பொறுப்பு? சரி... இன்னிக்கும் நிறுத்த வேண்டி வந்தா?

ராய்ஸ்: தெரிஞ்சுகிட்டே கேக்குறீங்க. மேல போய் வெளிய மிதக்குற ஆளு, எனக்கு மாத்தா வெச்சிருக்கிற பிரெண்டனா ஆயிடுவான். பதினோரு வருஷமா காத்திருக்கேன், டார்லீன்.

டார்லீன்: பாவந்தான்... நம்பர்?

ராய்ஸ்: நாலு. உடம்பைக் குளிர வைக்கிற உள்ளாடைக் குழாய்ல தண்ணி ஜிலுஜிலுன்னு ஓடுது.

டார்லீன்: ஓடுதா?

ராய்ஸ்: தாராளமா. முதுகெல்லாம்...

ஹெக்டர்: போதுமே, எழுதி முடிங்க. சனிக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரங்க வராங்கன்னு சொன்னீங்கள்ல, ஆயிரம் வேலை இருக்கும்.

டார்லீன்: உனக்கென்ன அவசரம்? இரு... வயித்துல ஒட்டின கருவி மட்டும் ஏன் இவ்வளவு குளிரைக் காட்டுது?

ராய்ஸ்: எங்க குடும்பத்துலயே எல்லாருக்கும் குளிர்ந்த வயிறு.

ஹெக்டர்: கருவி பழசு.

டார்லீன்: நேத்துதான் மாத்தினேன்... ராய்ஸு, ஒண்ணு சொல்லட்டா? தண்ணியை நிறுத்திப் பத்து நிமிஷம் ஆச்சு.

ராய்ஸ்: பத்து நிமிஷமாவா?

டார்லீன்: ஒரு சொட்டு ஓடல. மேல நிஜமாவே தண்ணி நின்னு, நீ நாலு நாலுன்னு பாடினா, கீழ உக்காந்திருக்கிறவ எப்படிக் கண்டுபிடிப்பா? இப்பச் சொல்லு.

ராய்ஸ்: ...ஆறு. ஆறரைன்னே வெச்சுக்குங்க.

டார்லீன்: இதை அன்னிக்கே சொல்லியிருந்தா தண்ணியைக் கூட்டி விட்டிருப்பேன், நீயும் தேறியிருப்ப. நம்பர் கேக்குறதே அதுக்குத்தானே? இந்தா, திறந்து விட்டாச்சு, நட... அப்போ அந்த வயிறு?

ராய்ஸ்: ஹெக்டர், நீயே சொல்லிடு.

ஹெக்டர்: அது வந்து... சம்பந்திக்குன்னு கால்வெஸ்டன் கடற்கரையில இறால் வாங்கி இங்க ஃப்ரீசர்ல வெச்சிருந்தீங்களே, ரெண்டு பை... ஒண்ணு அவரு வயித்துல, ஒண்ணு முதுகுல. முதுகுல இருந்தது உருகி, பை கிழிஞ்சு, இப்போ காலுறை வரைக்கும் இறங்கியிருக்கும்.