விலகுவதற்கான காரணம்

உங்கள் வேலைப் பட்டியலிலிருந்து ஏன் விலகுகிறீர்கள் என்று கேட்டு ஒரு கட்டம் வைத்திருக்கிறீர்கள். அதில் யாரும் எதுவும் எழுதுவதில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போவது எனக்குப் பிடிக்காது, அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் பாண்டீஸ்வரன். சாந்தன்பாறையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் கடை. ஏலத் தோட்டத்தில் போனுக்கு ரேஞ்ச் கிடைக்காது. அதனால் ஜனங்களுக்கு மெயில் திறந்து கொடுப்பது, விண்ணப்பம் அனுப்புவது, வந்ததைப் படித்துச் சொல்வது எல்லாம் நான்தான். பாஸ்வேர்டையும் என்னிடமே விட்டுவிட்டுப் போவார்கள். இதுவரை ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

மாரீஸ்வரி நர்சிங் படித்தவள். உங்களுடையதையும் சேர்த்து ஏழு வேலைப் பட்டியல்களில் அவளைச் சேர்த்துவிட்டேன். "வேல மட்டும் கெடைக்கட்டும் அண்ணே, இந்த ஊருப் பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டேன்" என்றாள். அண்ணே என்பது கடைக்காரருக்குத் தருகிற மரியாதை, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்றதை எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை தோறும் வருவாள்.

"ஏதாச்சும் வந்துச்சா அண்ணே?"

"ஒண்ணும் வரலம்மா."

ஒரு டீ சொல்லுவேன். குடித்துவிட்டுப் போவாள். மூன்று வருஷத்தில் ஆறு இடத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒவ்வொன்றையும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் அழித்தேன். அந்தந்தப் பட்டியலிலிருந்து அவளை விலக்கவும் செய்தேன். ஏலக்காட்டு நிழலில் வளர்ந்த பெண், வெளியூர் வெயில் ஆகாது. இதையெல்லாம் அவள் யோசிக்கவில்லை. யாராவது யோசிக்க வேண்டுமல்லவா.

இப்போது ஏலக்காய் பறிக்கப் போகிறாள். கையெல்லாம் வெடித்திருக்கிறது. போன மாதம் கடையில் உட்கார்ந்து அழுதாள். "நான் அவ்வளவு மட்டமா அண்ணே? ஒருத்தன்கூடவா கூப்புட மாட்டான்?" எனக்கு மனசு கேட்கவில்லை. கைக்குக் களிம்பு வாங்கிக் கொடுத்தேன்.

போன வாரம் அவள் அம்மா வேலுத்தாய் வந்தாள். மகளை எனக்குக் கட்டிக்கொடுக்கிற பேச்சு. நான் வாயைத் திறக்கவில்லை, அவர்களாகவே எடுத்தது. "வர்ற சனிக்கெழம வரைக்கும் பாப்பேன்னு நிக்கிறா தம்பி. அதுக்குள்ள வேல வரலேன்னா ஒங்களயே கட்டிக்கிறேன்னுட்டா" என்றாள். பாவம், சந்தோஷத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள்.

இன்று சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு உங்கள் மெயில் வந்தது. மாரீஸ்வரிக்கு இடம் உறுதி, சம்மதம் என்றால் மாலைக்குள் பதில் போட வேண்டும், விருப்பமில்லை என்றால் பட்டியலிலிருந்து விலகிக்கொள்ளலாம். நல்ல ஆஸ்பத்திரி, தங்க அறையும் கொடுக்கிறீர்கள். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். விலகும் பட்டனை அழுத்திவிட்டேன், இந்தக் காரணம்தான் பாக்கி.

அவள் நாலு மணிக்கு வருவாள். டீக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். வரலம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என்னை நம்புகிறவள். உங்கள் பதிவில் ஒன்று மட்டும் இருக்கட்டும். நான் யாரையும் வற்புறுத்தவில்லை. என்னைக் கட்டிக்கொள்வது அவளாகவே எடுத்த முடிவு.