நீச்சல் குளத்து ஏணி

வேலி போட்ட நாளிலிருந்து துணி காயப்போடத்தான் இடமில்லாமல் போய்விட்டது, தம்பி. கொல்லையில் வெயில் விழுகிற இடத்தையெல்லாம் நீச்சல் குளம் எடுத்துக்கொண்டது. மிச்சத்தை வேலி எடுத்துக்கொண்டது. உட்காருங்கள், நிதானமாகவே சொல்கிறேன். உங்களுக்கும் எழுதிக்கொள்ளச் சௌகரியமாக இருக்கும்.

சட்டத்தின்மேல் எனக்கு வருத்தமில்லை. வீட்டில் குளம் வைத்திருப்பவர்கள் சுற்றிலும் வேலி போட வேண்டும், கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும், தாழ்ப்பாள் குழந்தைகளுக்கு எட்டக்கூடாது. நல்லதுதானே. ஆனால் எங்கள் வீட்டில் குழந்தை கிடையாது. நானும் என் வீட்டுக்காரரும்தான். அதனால் மொத்தச் சட்டமும் என் தலையில் விழுந்தது.

சோதிக்க வந்த அதிகாரி, வேலியோரம் நான் வைத்திருந்த பூந்தொட்டியைக் காட்டி, "இது மேல ஏறி யாராவது உள்ள குதிச்சிடலாம்மா, கொஞ்சம் தள்ளி வைங்க" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் தலை மறைந்ததும் இவர் ஆரம்பித்தார்.

"மண்டையில மூளை இருக்கா, களிமண் இருக்கா? ஒரு தொட்டியை வெச்சு என் மானத்தை வாங்கிட்டியே."

"நகர்த்திட்டேங்க."

"அவன் சொன்னப்புறம்தானே நகர்த்தினே?"

அன்றிலிருந்து தினமும் எனக்குப் பரீட்சை. கதவைச் சாத்தினாயா, சாத்தியதை இழுத்துப் பார்த்தாயா. எல்லாவற்றுக்கும் மேலே ஏணி. குளத்துச் சுவரில் மாட்டிக் கழற்றுகிற இரும்பு ஏணி. யாரும் குளிக்காத நேரத்தில் அதை எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும். காலையில் நீந்திவிட்டு ஏறியதும், தலையைக்கூடத் துவட்டாமல், "ஏணியை எடுத்தாச்சா?" என்பார். இதோ என்றால் சோம்பேறி. எடுத்தாச்சு என்றால், தரையெல்லாம் கீறல். தூக்கிக்கொண்டு போய் வீட்டுச் சுவரில் சாய்த்தால், இப்படியா சாய்ப்பார்கள்? சரி என்று ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து நான் கேட்டதில்லை, தம்பி. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

நேற்று அவர் நீந்திக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டேன். தாமதம் என்று சொல்ல வழியில்லை பாருங்கள். தரையில் படாமல் தூக்கித்தான் கொண்டுபோனேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது, இழுத்தும் பார்த்தேன். எங்கள் குளத்தில் காலூன்றி நிற்க இடம் கிடையாது. தண்ணீரும் விளிம்புக்கு நன்றாகக் கீழே நிற்கும். அவருக்கோ தோள்வலி, கையை ஊன்றி ஏற முடியாது. இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை.

"ஏய், ஏணி எங்கே?" என்றார்.

"எடுத்தாச்சுங்க" என்றேன், வேலிக்கு வெளியே நின்று.

அப்புறமும் கொஞ்ச நேரம் கூப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து நேற்றுத்தான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நானும் அவரை விட்டுவிட்டு உள்ளே போய்விடவில்லை, சத்தம் அடங்குகிறவரை அங்கேயேதான் நின்றேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஏணியைச் சாய்த்து வைத்த விதத்தில் மட்டும் அவர் கடைசிவரை ஒரு குறையும் சொல்லவில்லை.