தெய்வநாயகியின் பெட்டிச் சாவி

அவைக்குத் தலைமை தாங்கும் ஐயா சரவணமுத்து அவர்களே! மல்லசமுத்திரத்திலிருந்து வண்டி கட்டி வந்திருக்கும் பெரியோர்களே! பெற்ற பெண்களை எங்களை நம்பி விடுதியில் விட்டிருக்கும் தாய்மார்களே! நாளைய ஆசிரியைகளாகிய என் மாணவியரே! விடுதிக் காப்பாளர் சாரதாமணியின் வணக்கம்.

"மாணவியின் பெட்டியில் பிறர் கை வைக்கக் கூடாது, அவள் கடிதத்தைப் பிறர் படிக்கக் கூடாது" என்பது இன்றைய தீர்மானம். இதை ஆதரிக்க என்னைவிடத் தகுந்தவள் யார்? கை வைத்தவளும் நான், படித்தவளும் நான்!

சென்ற ஆண்டு, 'வெள்ளையனே வெளியேறு' என்று எழுந்த ஆகஸ்டுக் கலவரத்திற்குப் பிறகு, தடை செய்த நோட்டீசுகளைத் தேடச் சொல்லி உத்தரவு வந்தது. நாற்பது பெட்டிகள். முப்பத்தொன்பதை மேலோட்டமாகப் பார்த்தேன். ஒன்றின் முன் மட்டும், மாணவி தெய்வநாயகியின் பெட்டி முன், உட்கார்ந்துவிட்டேன்.

ஏன்? தெய்வநாயகிக்கு வெள்ளிதோறும் ஜலகண்டாபுரத்திலிருந்து கணவர் கடிதம் வரும். கிணற்றடிக்குப் போய்ப் படிப்பாள், படித்துச் சிரிப்பாள், சிரித்து மடிப்பாள். இந்த விடுதியில் பன்னிரண்டு ஆண்டுகளில் எனக்கு வந்ததெல்லாம் சர்க்கார் முத்திரை குத்திய காகிதம்! பொறாமை, தாய்மார்களே, வயிறெரியும் பொறாமை!

பெட்டிச் சாவி அவள் தாலிக் கயிற்றில் இருந்தது.

"டீச்சருங்க, நோட்டீசு ஒண்ணுமில்லீங்க. நானே ஒதறிக் காட்டறேனுங்க. அந்தக் கடுதாசிய மட்டும் உட்டுருங்க" என்றாள்.

"சாவியைக் கழற்று" என்றேன். கழற்றினாள். பெட்டிக்குள், சேலைகளுக்கு அடியில் ஒன்பது கடிதங்கள். ஒன்பதையும் அவள் கண்ணெதிரே படித்தேன்.

என்ன சிரிக்கிறீர்கள், பின்வரிசை ஐயா? சிரியுங்கள், நான் சிரிக்கத் தக்கவள்தான்.

அடுத்த வெள்ளி கடிதம் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. எழுத வேண்டாமென்று கணவரிடம் அவளே சொல்லிவிட்டாள். எனக்கு இல்லாதது அவளுக்கும் இல்லை என்று அன்று நான் வயிறு நிறையச் சோறு உண்டேன். முந்தாநாள் படிப்பையே விட்டுப் போவதாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். தீர்மானம் நிறைவேறினால் மட்டுமே இருப்பாளாம்.

உத்தரவு கேட்டது நோட்டீசை. என் கை தேடியது எதை? அதிகாரம் கையில் இருக்கும்போது ஆசை எங்கே நிற்கும்? ஆத்திரம் எங்கே அடங்கும்? அதற்காகத்தான் கேட்கிறேன், எனக்கே ஒரு பூட்டுப் போடுங்கள்!

என்னங்க ஐயா? உரக்கக் கேளுங்கள்.

"அந்தக் கடுதாசீல அப்படி என்னதானுங்க எழுதியிருந்துது?"

கேட்டீர்களா சபையோரே! எனக்கு வந்த அதே அரிப்பு! ஒன்பதும் எனக்கு மனப்பாடம். இன்றும் நினைத்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வரிகூடச் சொல்ல மாட்டேன், ஐயா. அவற்றில் ஒன்றுகூட எனக்கு எழுதியதல்ல.

கைகளை உயர்த்துங்கள். பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி. தெய்வநாயகிக்கு என் வணக்கம்.