எவ்வளவு பெய்தாலும் பன்னிரண்டு

ஹலோ... ஆ, தனுஷன்தானே? யூஜினா பேசுறேன், கொட்டகலையில இருந்து... ஆமா, ஆமா, தேயில பேக்டரியிலதான். நீ மாட்டுன மண்சரிவு சைரன் பெட்டிக்கு முன்னாலதான் நிக்கிறேன்...

இல்ல, சொகம் விசாரிக்க எடுக்கல. உங்க கம்பனி ரிப்போட்ட படிச்சேன். மலையில வச்ச மழ அளக்கிற கருவி பழுதாம். வயர கொரங்கு கடிச்சிருச்சாம். அதனாலதான் தோட்டத்து ஆளுங்க இருக்கிற லயத்து வீடுங்க மேல மண்ணு சரிஞ்ச அன்னைக்கு சைரன் ஊதலயாம்... ஆமா, நீ கையெழுத்து போட்டதுதான்.

இரு... மொதல்ல நான் சொல்றத கேளு. வயர்லயும் நெட்வேர்க்லயும் என்னென்ன போகுதுன்னு அப்படியே காட்டுற சொப்ட்வெயார் ஒண்ணு இருக்கு. அத லெப்டொப்ல போட்டு, கருவிக்கும் பெட்டிக்கும் நடுவுலயும், பெட்டிக்கும் சைரனுக்கும் நடுவுலயும் மாட்டிப் பாத்தேன்... ஓசியா? ஆமா, ஓசிதான். யாரும் உள்ள பாக்கலாம்னு தொறந்தே விட்டிருக்காங்க. ஒளிச்சி வச்சிருக்கிறது உங்க பெட்டிதான்.

கருவி நல்லாத்தான் இருக்கு. நேத்து மழைக்கு முப்பது மில்லிமீட்டர், நாப்பதுன்னு ஏத்தி ஏத்தி சொல்லுது. பெட்டியில இருந்து வெளிய போறது மட்டும் பன்னெண்டு. கருவியில ஒரு போத்தல் தண்ணிய ஊத்திப் பாத்தேன். அப்பவும் பன்னெண்டு. வெயிலுக்கும் பன்னெண்டு...

சொல்லு, யாரு செய்யச் சொன்னது?... யாரு, தோட்டத்து மெனேஜர் தொரயா? சைரன் ஊதுனா கொழுந்து எடுக்கிறவங்க மலைய விட்டு ஓடுறாங்க, வேல கெடுதுன்னா?... அதுக்கு நீ நம்பர பன்னெண்டுலயே இறுக்கி வச்சிட்ட?... கொஞ்ச நாளைக்கா? சீ.

கொரங்கு மேல பழிய போட எப்படி கை வந்துச்சி ஒனக்கு? லயத்து மீனம்மா அக்காவ மண்ணுக்குள்ள இருந்து கையால தோண்டி எடுத்தோம். ஒரு காலு போயிருச்சி... நுவரெலியா ஆஸ்பத்திரியில. வேணாம், நீ போய் அவங்க மூஞ்சில முழிக்காத.

என்ன?... லெப்டொப்ல எடுத்த பதிவ அழிக்கணுமா?... என்கூட படிச்சவன்னு சொல்லவே அருவருப்பா இருக்கு. கச்சேரியில அனர்த்தம் பாக்கிற அரசாங்க ஆபிசுக்கு அனுப்பிட்டுதான் ஒனக்கு எடுத்தேன்... தொரைக்கும் தெரியும். தெரியட்டும்.

பெட்டிய தொட்டா வாரண்டி போயிருமா?... பெட்டியவே கழட்டி ஓரமா போட்டுட்டேன். நானும் பொய்லர் பாக்கிற ஜூட்சனும் மாறி மாறி லெப்டொப் முன்னால ஒக்காந்திருக்கோம். சைரன் ஊத வேண்டிய அளவு அறுபது, அதத் தாண்டுனா பேக்டரி சங்க நாங்களே ஊதுவோம்...

என்ன கேட்ட?... இங்க மழ பெய்யுதான்னா? பெட்டி மாட்டுன நாள்ல இருந்து இன்னைக்குத்தான் கேக்குற... பெய்யுது. அறுபத்தி ரெண்டு... ஜூட்சன், சங்க ஊது. நான் லயத்து ஆளுங்கள ஸ்கூலுக்கு கூட்டிட்டுப் போறேன்... இல்ல, ஒன்கிட்ட பேச ஒண்ணுமில்ல. வைக்கிறேன்.